கேப்பர் மலையில் ஒரு புள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன், காணும் பொங்கல் அன்று நடந்தது இது. சிதம்பரத்திலிருந்து நானும் கணவரும் கடலூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். "பீச்சுல கால் வைக்க எடம் இருக்காது மாமா, புதுசா ஒண்ணு பண்ணலாம்" என்று தம்பி செல்போனை எடுத்தான். அதில் ஏதோ ஒரு ஆப். பட்டனை அமுக்கினால் ஊரைச் சுற்றி எங்காவது ஒரு புள்ளி காட்டும். அங்கே நடந்தே போக வேண்டும், அவ்வளவுதான். முதல் புள்ளி கடலில் விழுந்தது. அடுத்தது கேப்பர் மலைச் சரிவில்.

எலுமிச்சை சாதமும் வடையும் அடைத்த டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, செம்மண் மேட்டில் இருவருக்கும் பின்னால் ஏறினேன். வழி ஒரு முந்திரித் தோப்புக்குள் போனது. தம்பி செல்போனை நீட்டிப் பிடித்து, "ரெண்டடி லெஃப்ட் மாமா" என்றான். "கரெக்டா இங்கதான் மச்சான்" என்று என் கணவர் குச்சியால் மண்ணில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். மனைக்கு வாஸ்து பார்க்க வந்தவர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நிமிர்ந்தால் எதிரே ஒரு அம்மா, புல் அறுத்த அரிவாளோடு. பின்னால் நாலைந்து பேர்.

"அளக்க வந்துட்டீங்களா? பண்டிக நாளுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு பாத்து வந்தீங்களா? முந்திரிக் கொல்லைய குடுக்க மாட்டோம்னு எத்தினி தடவ சொல்றது?"

கம்பெனிக்கு நிலம் எடுக்கப்போவதாக அந்தப் பக்கம் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். தம்பி உள்ளதை உள்ளபடி சொன்னான். சும்மா ஒரு புள்ளி, சும்மா நடந்து வந்தோம். கேட்ட எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"வேல இல்லாம எவனாவது மல ஏறுவானா?" என்றார் அந்த அம்மா.

அரிவாள் கீழே இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல் டிபன் கேரியரைத் திறந்து காட்டினேன். "அளக்க வர்றவங்க பொண்டாட்டிய கூட்டிக்கினு, வட சுட்டு எடுத்துக்கினு வருவாங்களாக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு நிதானமாக மென்றார். "ஆபீஸ்காரங்க இல்ல" என்று மற்றவர்களிடம் தீர்ப்பு சொல்லிவிட்டு, "உப்பு கம்மி" என்றார் என்னிடம்.

அங்கேயே உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து கரும்புகூட வந்தது. கிளம்பும்போது மட்டும், "போன்ல இருக்கறத அழிச்சிட்டுப் போ தம்பி" என்றார். அவர் கண்ணெதிரே தம்பி அழித்தான். மண்ணில் இருந்த குறியை அவரே காலால் தேய்த்தார். அது மறைந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரம் பஸ்ஸில் என் கணவர் அந்த 'உப்பு கம்மி'யைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார், நானும் சிரித்தேன். ஆனால் தம்பி இன்றைக்கும் அந்த ஆப்பைத் திறந்தால், புள்ளி கடலிலேயே விழட்டும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நிலத்தில் எங்கே விழுந்தாலும், அதைக் காலால் தேய்க்க அங்கே ஒருவர் இருப்பார்.