கிஸ்பெர்ட் குடும்பத்துப் பெண்

வில்மாவின் பெயரில் குறையொன்றும் இல்லை, குடும்பப் பெயரில்தான் வில்லங்கம். கிஸ்பே என்று சொன்னால் போதும், லா பாஸ் நகரத்தில் ஆளை எடைபோட்டு விடுவார்கள்: அய்மாராப் பூர்வகுடிக்காரி, பட்டிக்காடு. கல்லூரியில் கேட்ட கேலியெல்லாம் போதுமென்று ஒரு வக்கீலைப் பிடித்து, பெயருக்கு ஒரு வாலை ஒட்டிக்கொண்டாள். கிஸ்பே, கிஸ்பெர்ட் ஆனது. கூடவே ஜெர்மன்காரத் தாத்தா ஒருவரும் இனாமாகக் கிடைத்தார்! அவள் மட்டுமா, எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் செய்த கூத்துதான் இது.

வேலை கிடைத்ததோ, பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே. திவானாக்கு என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளையும் அருங்காட்சியகத்தையும் சுற்றிக்காட்டும் வேலை. அப்பா சத்துர்நீனோ கூப்பிடு தூரத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார். வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் வராதே என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். மனுஷன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சாதாரண விருந்தாளி இல்லை. வில்மா கட்டிக்கொள்ளப் போகிற கொன்சாலோவின் தாய், பெயாத்ரிஸ் அம்மாள். இடிபாடு பார்க்கிற சாக்கில் பெண்ணை எடைபோட வந்திருந்தாள். அவளுக்குப் பிடிக்காவிட்டால் கல்யாணம் கிடையாது.

சூரிய வாசல் என்கிற கல் வாயிலைக் காட்டிவிட்டு, உள்ளே பெரிய கற்சிலையின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள் வில்மா. ஸ்பானியம் மணிமணியாக வந்தது. "இதெல்லாம் ரொம்பப் பழைய காலத்துல செதுக்கினது" என்றாள். சிலைக்கு முதுகைக் காட்டி நின்றவளின் கை மட்டும் அவளைக் கேட்காமல் நேராக எதிரே நீண்டது.

பெயாத்ரிஸின் புருவம் ஏறியது. "இதென்ன பொண்ணே, பழைய காலம்னு சொல்லிட்டு எதிரே கையக் காட்டுற? நாங்கள்லாம் முதுகுக்குப் பின்னாலதானே காட்டுவோம்? என் வீட்டுச் சமையக்காரிதான் இப்படி. அவ அய்மாரா, அவங்களுக்குப் பழசெல்லாம் கண்ணு முன்னால இருக்காம். ஒருவேளை நீயும்...?"

"ஐயையோ, இல்லீங்க! இவங்களோடயே கிடந்து பழக்கம் தொத்திக்கிச்சு. அந்தப் பாஷையில எனக்கு ஒரு வார்த்தை வராது. அப்பா அர்ஜென்டினாவுல வியாபாரம் பண்றாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். சிலையின் காலடியில் சத்துர்நீனோ நின்றுகொண்டிருந்தார். கம்பளிக் குல்லா கையில். அக்குளில், பனியில் காயவைத்த உருளைக்கிழங்கை அவித்துக் கட்டிய மூட்டை. மகளைப் பார்க்க யாரோ பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஊரில் கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் வந்துவிட்டார். பட்டாளத்தில் படித்த ஸ்பானியம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

"யாரு இந்த ஆளு? ஏன் உன்னையே பார்க்கிறான்?" என்றாள் பெயாத்ரிஸ்.

 இப்போது அப்பா வாயைத் திறந்து 'மகளே' என்று கூப்பிடப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் வில்மா. அவர் மகளைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். மெல்லக் கிட்டே வந்து தலை குனிந்தார்.

"மன்னிக்கணும் மேடம். வெளிய போற வழி எதுங்க?"

அந்த இடத்தில் வேலி போடுவதற்கு முன்பே ஆடு மேய்த்தவர் கேட்ட கேள்வி! அப்பா என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. பாழாய்ப்போன வாய் வேறு பேசியது.

"நேராப் போங்க பெரியவரே, வலது பக்கம் கதவு."

"நல்லா இருங்க மேடம்." மூட்டையோடு நடந்து போனார்.

பெயாத்ரிஸ் வில்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ ஒரு கிழவன்கிட்டகூட எவ்வளவு தன்மையாப் பேசுற! உங்கப்பா உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்காரு."

வில்மா அந்த வலது பக்கக் கதவைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள்.