ஊர் கை தூக்கிய நாள்

சுவிஸில் கூர் நகரத்திலிருந்து மஞ்சள் பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறினால், வயிற்றைப் பிரட்டத் தொடங்கும் நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். கொஞ்சம் வீடுகள், ஒரு ஹோட்டல், ஒரு மாதா கோயில், அவ்வளவுதான். அந்த ஹோட்டல் குசினியில் எனக்குச் சமையல் வேலை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு பிள்ளைகளையும் சேர்த்து சுவிஸ் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோம். முதலில் சம்மதிக்க வேண்டியது ஊர். அந்தக் காலத்தில் அங்கே கூட்டம் கூடி, கை தூக்கித்தான் முடிவெடுப்பார்கள்.

அதற்கு முன் ஒரு விசாரணை உண்டு, ஊரின் வரலாறு கேட்பார்கள் என்றார்கள். விழுந்து விழுந்து படித்தேன். கோவேறு கழுதைகளில் கணவாய் வழியே வைன் போன காலம், மேல்தெருவை விழுங்கிய பனிச்சரிவு கோயிலின் பின்சுவரோடு நின்ற கதை, ஜப்பான்காரர் வந்து படம் பிடிக்கும் மரப்பாலம், எல்லாம் தலைகீழ்ப் பாடம். மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

விசாரித்தவர்களில் ஒருவர் மாடு வளர்ப்பவர். அவர் சிரித்து நான் கண்டதில்லை. இவ்வளவு படித்த என்னை விட்டுவிட்டு, ஊரில் பார்க்கவேண்டியது எது என்று மனைவியிடம் கேட்டார். பாலத்தைச் சொல்லு என்று மனதுக்குள் கத்தினேன். அவளோ கோயில் என்றாள், வெள்ளிக்கிழமைகளில் தான் போவதாகவும் சொன்னாள். அப்படியானால் வாசலில் கிடக்கும் சப்பாத்து உங்களுடையதா என்றார் அவர்.

சைவர்களான எங்கள் தமிழ் ஆட்களுக்கு மாதாவும் அம்மன்தான். கொட்டும் பனியிலும் இவள் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஊர் ஒரு மாதிரிக் கதைக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் அசராமல் ஆமென்றாள். இனிக் கதவுக்கு உள்பக்கம் வையுங்கள், சப்பாத்துக்குள் பனி நிரம்பிவிடும் என்றார் மாட்டுக்காரர்.

கூட்டத்தன்று எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். தினமும் முகம் பார்க்கிறவர்கள் கதவுக்குப் பின்னால் எங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாகவும் பயமாகவும் இருந்தது. கடைசியில் மாட்டுக்காரர்தான் வந்து என் கையைக் குலுக்கினார். கிடைத்துவிட்டது, எதிராகவும் சில கைகள் எழுந்தன என்றார்.

சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, அது யார் யார் என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்துத் தமிழில் சொன்னாள்:

"கேக்காதேங்கோ. இனி நாங்கள் இஞ்சைதானே இருக்கப்போறம்."