பூஜை ரூமுக்குப் போன ரவுட்டர்

எங்க தெருவுக்கு பிராட்பேண்டு வராது. மொட்டைமாடியில சிம் போட்ட நெட் டாங்கிளைக் கட்டி, நீளமா வயர் இழுத்து ரவுட்டர்ல சொருகினா, அதுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் ரவுட்டருக்குள்ள அடங்கல. அவ்ளோ சின்ன மெமரி! நான் விடுவேனா? உள்ளே ஓடுறது லினக்ஸ்தானே? அதோட ரூட் ஃபைல்சிஸ்டத்தையே, அதாவது மொத்த மூளையையும், ஒரு பென் டிரைவுக்குக் குடிமாத்தி, அதுலேர்ந்தே ஓட வெச்சேன். அதை உருவினா ரவுட்டர் வெறும் டப்பா. மூணு ஞாயித்துக்கிழமை தலையைப் பிச்சுக்கினேன்.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில பத்தரைக்கு என் பொண்டாட்டிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. வெளிநாட்டுக் கம்பெனியில ஜவுளி டிசைனர் வேலை. ஆறு வருஷமா வீட்டோட கெடந்தவ, இதுக்கு எவ்ளோ ஏங்கினான்னு எனக்குத்தான் தெரியும். சரியா பத்து மணிக்கு நெட் செத்துப்போச்சு.

ஓடிப்போய்ப் பார்த்தா ரவுட்டர்ல பென் டிரைவைக் காணோம்! பூஜை ரூம்ல, தறி நாடா, கத்தரிக்கோல் பக்கத்துல, சந்தனம் குங்குமத்தோட ஜம்முனு உட்கார்ந்துக்கினு இருக்குது. எங்களுக்கு நெசவுதான் தொழில், தறிக்கு டிசைன் பென் டிரைவுலதான் போகும். அதனால கண்ணுல பட்ட பென் டிரைவையெல்லாம் எங்கப்பா உருவியாந்து சாமிகிட்ட வெச்சுட்டாரு.

"எடுப்பா அதை!"

"வெச்சதை நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம்தான் எடுக்கணும். தெரியாதா உனக்கு?"

எனக்கு வந்துது பாருங்க கோவம்! அவ பட்டுப் புடவை கட்டிக்கினு, முகம் சுண்டிப்போய் கதவோரம் நிக்கிறா. அப்பாவோ பிடிச்ச பிடியை விடுற ஆளில்ல. எடுக்கக் கூடாது, அவ்ளோதானே?

ரவுட்டரைத் தூக்கியாந்து பூஜை ரூம்லயே வெச்சேன். நல்லவேளை, டாங்கிள் வயர் எட்டுச்சு. பென் டிரைவ் முனையில அப்பியிருந்த சந்தனத்தை வேட்டி நுனியால துடைச்சேன். அதை இம்மிகூட நகர்த்தல. ரவுட்டரைத்தான் தள்ளிக்கினு போய் அதுல மாட்டினேன்.

"நான் ஒண்ணையும் எடுக்கலயேப்பா!"

அப்பா குனிஞ்சு, பென் டிரைவ் நகர்ந்துதான்னு பார்த்துட்டுக் கூடத்துக்குப் போயிட்டாரு.

ஸ்விட்சைப் போட்டேன். லைட்டு சிமிட்டுது, சிமிட்டுது, சிமிட்டிக்கினே இருக்குது. அப்புறம் நின்னு எரிஞ்சுது பாருங்க, பச்சையா! "வந்துடுச்சு!"ன்னு பக்கத்து ரூம்லேர்ந்து அவ குரல். மணி பத்து இருபத்தேழு. யார்கிட்ட!

முக்கால் மணி நேரம் பூஜை ரூம் வாசல்ல நான்தான் காவல். ஒருத்தரையும் உள்ளே விடல. அப்பா கூடத்துல உம்முனு உட்கார்ந்திருந்தாரு.

அவ ரூம் கதவு திறந்துது. "வேலை கெடச்சிடுச்சு! அப்பவே சொல்லிட்டாங்க!" அழுதுக்கினே சிரிக்கிறா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்ல. விறுவிறுன்னு வாசலுக்குப் போய், எதிர்வீட்டைப் பார்த்து, "எங்க மருமவளுக்கு வேலை கெடச்சிடுச்சுப்பா!"ன்னு கத்தினாரு. பூஜைன்னு அன்னிக்கு எந்த வீட்டுலயும் தறி ஓடல. தெரு முழுக்கக் கேட்டுது.