ஒரு சாண் வலப்பக்கம்

பந்து நேராகப் போக வேண்டுமானால் முதலில் கால்கள் நேராக நிற்க வேண்டும். கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டது ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில். எனக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பும் முடிந்தது.

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து தங்கினார். சாமான் அறையில் துரையின் கோல்ப் பையைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் அடித்த பந்தெல்லாம் லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தது. என் சித்தப்பா எட்டு வருஷம் அந்தப் பையைச் சுமந்துகொண்டு துரையின் பின்னால் நடந்தவர் என்று, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி போய்ச் சொன்னார். சித்தப்பா ஒரு பந்தைக்கூட அடித்தவரில்லை. துரைக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவர், அவ்வளவே.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆம்பிளையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா முதல் லோரியிலேயே போய்விட்டார். ஒரு சேதியும் இல்லை. அது போதாமல், அடுத்த பட்டியலில் சித்தப்பாவின் பெயரும் இருந்தது. தனக்கு ஆட்டம் பிடிபடும்வரை இவனை விட்டுவை என்று அதிகாரி கிராணியிடம் சொன்னதால்தான் அவர் எங்களோடு இருந்தார். பெரியவர்களுக்கு இது தெரியும். நான் வெளியே உளறிவிடுவேன் என்று பயந்து என்னிடம் யாரும் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் பங்களாவின் முன்புறப் புல்லில் பழக்கம் நடக்கும். தூரத்தில் ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாய், அதுதான் குறி. சித்தப்பா இரண்டு மூங்கில் குச்சிகளைத் தரையில் போடுவார். ஒன்று பந்திலிருந்து பீப்பாயைப் பார்த்து; மற்றது அதிகாரியின் கால் விரல்களை ஒட்டி. அடிக்கிற கட்டையை இறுக்கிப் பிடிக்காதே, தலையைத் தூக்காதே, மெதுவாகப் பின்னால் கொண்டுபோ என்று அரைகுறை மலாயில் சொல்வார். பந்து பொறுக்குவது என் வேலை. மொத்தம் ஏழு பந்துகள். ஒன்று தொலைந்தாலும் என்ன ஆகுமோ என்று, பைக்குள் போடும்முன் இரண்டு தடவை எண்ணுவேன்.

பந்து வலப்பக்கமே போனது. போகும்போதெல்லாம் அதிகாரி கட்டையின் பிடியால் சித்தப்பாவின் கெண்டைக்காலில் ஒன்று வைப்பார். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்னால் போய் நின்றபோதுதான் கவனித்தேன். பால்மர நிரை நேராக இருக்கிறதா என்று நாங்கள் ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம். அப்படிப் பார்த்தால், கால்பக்கத்துக் குச்சியின் முனை ஒரு சாண் வலப்பக்கம் திரும்பியிருந்தது. பந்துக்கு மேலே குனிந்து நிற்கிறவருக்கு அது தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன்.

“சித்தப்பா, அந்தக் குச்சி கோணலா இருக்கு.”

“சும்மா இரு லா. வந்துட்டா பெரிய மண்டோரு, என்னை வேல வாங்க.”

அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. கண் தெரியாதவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால்?

ஒருநாள் அரிசி மூட்டை இறக்க அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். “நீ முன்னால போய் குச்சியப் போட்டு வை. நான் வெக்கிற மாதிரியே வை புள்ள” என்றார்.

நான் ஒரு கண்ணை மூடி, இரண்டு குச்சிகளையும் நிரைபோல நேராகப் போட்டேன். இன்றைக்கு அடி விழாது என்று நிம்மதியாக இருந்தது.

முதல் பந்து பீப்பாயில் மோதி டங்கென்றது. இரண்டாவதும் மோதியது. அதிகாரி என்னைப் பார்த்து “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் மெச்சிச் சிரித்தார். உள்ளே போய் ஒரு காகிதத்தில் சீனி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சீனியைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா வந்து சேரும்போது ஐந்தாவது பந்து மோதியது. அவர் குச்சிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேராகப் போய்ப் பந்துகளைப் பொறுக்கினார். அது என் வேலை.

நான்காம் நாள் கிராணி வீட்டு வாசலில் நின்று, சித்தப்பாவுக்கு நாளைக் காலை லோரி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பொழுது சாய, மரவள்ளிக்கிழங்கை அந்தச் சீனியில் தொட்டுத் தின்றோம். அம்மாவுக்கு மட்டும் சமாதானமாகவில்லை.

“எப்பிடி தம்பி, மூணு மாசமா வராதது ஒரே நாள்ல வந்துச்சு?”

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து என் வாயில் வைத்தார்.

“பழகப் பழக வந்துருச்சு அண்ணி. அந்தாளுதான் ஒருநாள் விடாம பழகுனாரே.”

குச்சியை நேராகப் போட்டவள் நான். அந்தப் பெயரை எனக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது. காலையில் லோரி ஏறிய பிறகு, “ஏ புள்ள” என்று கூப்பிட்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.