புறங்கையில் பட்ட சூடு

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் காவக்காரம்மா. செல் வளர்க்கும் பெட்டியின் கதவைச் சரியாக மூடாவிட்டால், யாராக இருந்தாலும் ஒரு பிடி பிடித்துவிடுவாள். பதினோரு வருடமாக அவள் செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டநீர் மாற்றுகிறாள். தனக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை என்று, சலவைக் கடையில் இஸ்திரி போடும் கணவன் சீண்டுவான்.

கடைசி மூன்று வருடம் ஒரே சோதனை. இரண்டு பெட்டிகள், இரண்டிலும் செல்கள் இருக்கும் தட்டைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். ஒன்றில் மட்டும் மின்சாரம் பாய்ந்து மின்காந்தப் புலம் உண்டாகும். அதிலிருந்த செல்கள் வேகமாகப் பெருகின. புலம்தான் காரணம் என்று ஆய்வை நடத்திய மேடம் கட்டுரையே எழுதி முடித்துவிட்டார். அது வெளிவந்தால் திட்டம் நீளும், அவள் வேலையும் நீளும். இல்லையென்றால் இரண்டு மாதத்தோடு சரி.

ஒருநாள் பெட்டிகளைத் துடைக்கும்போது, காய்ச்சல் பார்ப்பதுபோல் இரண்டு தட்டுகளிலும் புறங்கையை வைத்தாள். மின்சாரம் பாயும் பெட்டியின் தட்டு சற்றுச் சூடு. பெட்டிகளின் வெப்பமானி மேலே, கதவருகே இருந்தது. அங்கே இரண்டும் ஒரே அளவுதான். இரண்டு தட்டுகளுக்கடியிலும் வேறொரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தாள். முக்கால் டிகிரி வித்தியாசம். அப்படியானால் செல்கள் பெருகியது புலத்தாலா, இந்தச் சூட்டாலா? வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட கணவன் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னான்: "கதவு மூடலன்னா அந்த மேடத்தையே திட்டுவ. இதுக்கு மட்டும் வாய மூடிக்குவியா?"

மறுநாள் காலையில் மேடத்திடம் சொல்லிவிட்டாள். மேடம் தானே வெப்பமானியைச் செருகிப் பார்த்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"வேலை போயிடுமோன்னு பயம் மேடம்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் மேடம்.

இரண்டாவது பெட்டிக்குப் புதிய சுருளை அவளே சுற்றினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பிகள், எதிரெதிராக மின்சாரம்; இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சூடு மட்டும் மிஞ்சும். ஆறு வாரம் எண்ணினார்கள். இரண்டு பெட்டியிலும் செல்கள் ஒரே கணக்கில் பெருகியிருந்தன. புலம் எதுவுமே செய்யாது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, தாங்கள் பார்த்தது சூட்டின் வேலை, அவ்வளவுதான் என்று மேடம் கட்டுரையைத் திருத்தி எழுதினார். அதில் அவள் பெயரையும் சேர்த்தார். திட்டம் நீளவில்லை.

கடைசி நாள் அவள் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது, மேடம் பெட்டியைத் திறந்து, தட்டில் தன் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"கதவ மூடுங்க மேடம்" என்றாள் அவள்.