குழந்தையைத் தூக்கி ஆடிய ஞாயிறு

எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒரு பெண் ஆடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, சாமி வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேய் பிடித்திருக்க வேண்டும். மனசு நிறைந்து ஆடினாள், கும்பிடுவதற்காக ஆடினாள் என்றெல்லாம் மூன்றாவதாக ஒன்று கிடையாது. இது எனக்குத் தெரியாததா? விருத்தாசலத்திலேயே பிறந்து விருத்தாசலத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். ஆனாலும் அன்றைக்குப் புழக்கடைக் கதவைத் தாழ் போட மறந்துவிட்டேன். அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆடக் கற்றது குவைத்தில். வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் பூசைக்குப் போய்வர விடுவார்கள். அங்கே மாதா கோயிலில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பிலிப்பைன்ஸ்காரி, செபு என்கிற தீவில் பிறந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. எஜமானிகளிடம் திட்டு வாங்கியே பழகிய அரைகுறை அரபி இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசாத விஷயம் கிடையாது.

நமக்குப் பொங்கல் முடிகிற சமயத்தில் அவள் ஊரில் குழந்தை இயேசுவுக்குத் திருவிழா. பியெஸ்தா என்பாள். ஊரே சிவப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு, மேளத்தோடு தெருவில் இறங்கி ஆடுமாம். அந்த ஆட்டத்துக்கு சினுலோக் என்று பெயர். அங்கே ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் போவதைப் பார்த்துப் பழகிய ஆட்டம் என்பாள். இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வர வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றிவிட்டால் தொட்டுக் கும்பிடுவதற்கே முண்டியடிக்க வேண்டும். அங்கே குழந்தைச் சுரூபத்தை அவரவர் கையில் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். 'பித் சென்யோர்' என்று கத்துகிறார்கள். குழந்தையை வேண்டிக் கூப்பிடுவதாம்.

அந்தத் திருவிழாவை ஒட்டி வந்த வெள்ளிக்கிழமை அவள் ஊர்ப் பெண்கள் ஒரு அறையில் கூடினார்கள். கட்டில்களைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்கள். கீழே காவல்காரருக்குக் கேட்கக் கூடாது என்று வாளிக்கு அடியில் ஒரு துண்டு. சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்த என்னைச் சிநேகிதி இழுத்துவிட்டாள். முதலில் வெட்கத்தில் கால் நகரவில்லை. பிறகு நகர்ந்தது. கடைசியில் நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. கையும் காலும் வேலைக்கு மட்டும் இல்லை என்பது எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அவர்களும் அழுதார்கள், அவரவர் காரணத்துக்கு.

சிநேகிதியின் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். செபுவில் அந்தக் குழந்தையின் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர். வெறுமனே விற்பதில்லை. நம் வேண்டுதல் என்ன என்று கேட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்து நமக்காக அவரே ஆடுவார். ஆடத் தெரியாதவர்கள், தூரத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அவர் கால்தான். என் ஒப்பந்தம் முடிந்தும் எஜமானி அனுப்பாமல் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தபோது, "அம்மாவை ஆடச் சொல்லட்டுமா?" என்று சிநேகிதி கேட்டாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். வீடியோவில் அந்த அம்மா எனக்காக ஆடினார். கொஞ்ச நாளில் எஜமானி டிக்கெட்டைக் கையில் கொடுத்தாள்.

வந்து சேர்ந்தேன். பொம்மை செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து விடுகிற வேலை. காலையில் சமையல், பகலில் பொம்மை, சாயங்காலம் மறுபடி சமையல். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சோறு ஆறிப்போனால் முகம் சுருங்கும். அங்கே இருந்த வரைக்கும் வீட்டுக்கு ஏங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வெள்ளிக்கிழமைக்கு ஏங்கினேன். கண்காணாத தேசத்தில் அடுத்தவள் வீட்டுக் கக்கூஸ் கழுவியவளுக்கு இங்கே மூச்சு முட்டுகிறது என்றால் யார் நம்புவார்கள்? அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனியில் சூளையிலிருந்து வந்த ஒரு குழந்தை இயேசு, முதுகில் கீறல் விட்டு ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. கேட்டு வாங்கிவந்தேன். சிவப்பு ஜாக்கெட் துணியில் அங்கி தைத்துப் போட்டேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போன பிறகு, தலைக்குக் குளித்துவிட்டு, சிநேகிதி அனுப்பியிருந்த மேளச் சத்தத்தைப் போனில் போட்டேன். குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஈர முடி விரிந்து கிடந்தது. கண்ணில் தண்ணீர். "பித் சென்யோர்!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா, பெண்ணாடத்தில் அவர் அம்மா வீட்டிலிருந்து வந்த கரும்பை எடுத்துக்கொண்டு புழக்கடை வழியாக உள்ளே வந்தார். கரும்பு கீழே விழுந்தது. அடுத்த நிமிஷம் அக்காவும் என் காலில் விழுந்திருந்தார்.

"தாயே! எம்பொண்ணுக்கு வவுத்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது தாயே! ஒரு வாக்கு சொல்லு!"

"அக்கா, ஏந்திரிங்க. நாந்தாங்க்கா. எனக்கு சாமியெல்லாம் வரல."

"வந்தவங்களுக்கு எங்க தெரியும்? நீ சொல்லு தாயே!"

என்ன சொல்வது? காலை விடவே மாட்டேன் என்கிறார். அழுகிற அழுகை நிஜம். சிநேகிதியின் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த அக்காவின் பெண்ணுக்கு ஒரு பிள்ளையைக் கொடு என்று மனசுக்குள் சொல்லி ஆடினேன். அதைச் செய்திருக்காவிட்டால் அக்கா அழுதுகொண்டே போயிருப்பார். செய்ததால் அவர் சிரித்துக்கொண்டே போனார். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

தவக்காலம் முடிவதற்குள் அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அதற்கப்புறம் என் ஞாயிற்றுக்கிழமை என்னுடையதாக இல்லை. பூசை முடிந்து வருவதற்குள் வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். வேதக்காரர், இந்து என்று வித்தியாசமில்லை. திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து, தங்களுக்காக ஆடச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் அடக்கமாம். கோபப்பட்டால் உக்கிரமாம். ஒரு ஞாயிறு தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கு, சாமி மௌனத்தில் இருக்கிறது என்று சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தார்கள்.

பங்குச் சாமியாரிடம் போய் முறையிட்டேன். சிநேகிதி அனுப்பிய வீடியோவையெல்லாம் காட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், அது வெளிநாட்டில் இருக்கிற ஒரு பக்தி நடனம், சாமி வருவதோ குறி சொல்வதோ இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அன்றைக்கு இரண்டு மடங்கு கூட்டம். "வெளிநாட்டு சாமியாம். பவரு ஜாஸ்தியாம்" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். இந்த ஊரில் ஒன்றை இல்லை என்று சொல்வதைப் போல அதற்கு விளம்பரம் வேறு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் சிநேகிதி போன் செய்தாள். அவள் எஜமானியின் தங்கை வீட்டுக்கு ஆள் வேண்டுமாம். நல்ல வீடு, வெள்ளிக்கிழமை முழுநாளும் லீவு. உனக்காகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன், சீக்கிரம் பதில் சொல் என்றாள். கேட்டதும் என் உள்ளங்கால் குறுகுறுத்தது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ போயிட்டா, ஞாயித்துக்கெழம வர்றவங்களுக்கு நான் இன்னா பதிலு சொல்றது?" என்றார்.

மனிதருக்கு அதுதான் கவலை. முன்பெல்லாம் டீக்கடையில் பெஞ்சில் நகர்ந்து இடம் விடக்கூட ஆளில்லாதவர். இப்போது எழுந்து நின்று "வாங்கண்ணே" என்கிறார்களாம். அதை அவர் சொல்லும்போது குரல் கரகரத்தது. எனக்கு இரக்கமும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது.

சரி, என்னைப் பிடித்து வைத்திருப்பது எதுவோ, அதை வைத்தே வெளியே போவோம் என்று தீர்மானித்தேன். அடுத்த ஞாயிறு முடியை நானே அவிழ்த்துவிட்டேன். வாசல் வெயிலில் குழந்தையைத் தூக்கி ஆடி, ஆட்டத்தின் நடுவில் நின்று, குரலை மாற்றிச் சொன்னேன்.

"இவள நான் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போவப் போறேன். இனிமே இந்த வூட்டுல இருக்க மாட்டேன். வழிய விடுங்க!"

வேலை ஆயிற்று என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்! ஊரை விட்டுப் போகிறேன் என்று சாமி சொன்னால் நம் ஜனங்கள் வழியா விடுவார்கள்? எத்தனை அம்மன் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். போகிறேன் என்றால் சாமிக்குக் கோபம். கோபம் என்றால் ஏதோ குறை வைத்துவிட்டோம். குறையைத் தீர்த்து, காலைப் பிடித்து, சாமியை அங்கேயே உட்கார வைக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் அலறினார். "எங்கள வுட்டுட்டுப் போவாத தாயே! இன்னா கொற வெச்சோம், சொல்லு! வெயில்ல நின்னு ஆட வெச்சிட்டமே, அதானே உன் கோவம்?"

"எடம் குடுக்காம வுட்டது தப்புதான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கல்யாண நாளில்கூடக் காட்டாத பணிவோடு என் முன்னால் கைகூப்பி நின்றார். "ஷெட்டு போட்டுர்றேன் சாமி. கோவப்படாதீங்க."

போட்டுவிட்டார்கள். ஆளாளுக்கு வந்து புழக்கடையில் கம்பம் நட்டு, தகரம் வேய்ந்து, கீழே பளபளவென்று டைல்ஸ் பதித்தார்கள். கால் வழுக்கக் கூடாது என்று என்னைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லிக்கூடப் பார்த்தார்கள். கூட்டம் வந்துபோக ஒரு பக்கம் வாசல் வைத்தார்கள். எனக்கு வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகத் தாழ் போடாத அந்தப் புழக்கடைக் கதவு போதுமாம்.

ஷெட்டைத் திறந்த ஞாயிறு காலையில் எல்லாரும் சிவப்புப் புடவையில் வந்திருந்தார்கள். குழந்தையின் அங்கி சிவப்பு என்பதால் அவர்களாகவே முடிவு செய்துகொண்டது. எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. சீரியல் பல்பு வேறு. குழந்தையை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கியபோது சிநேகிதியின் வீடியோ அழைப்பு வந்தது, மறு கையால் எடுத்தேன். இன்றைக்குள் பதில் சொல்லிவிட வேண்டுமாம். "உன் வீட்டில் விடவில்லை என்றால் அம்மாவிடம் சொல், ஆடுவார்" என்று அந்த அம்மாவையும் அழைப்பில் சேர்த்திருந்தாள். கோயில் வாசலில், கையில் மெழுகுவர்த்தியோடு, தயாராக நின்றிருந்தார்.

"அனா ரூஹ்" என்றேன். நான் போகிறேன், என்னைப் போக விடுங்கள் என்பதற்கு அந்த நேரத்தில் என் வாயில் வந்த அரபி அவ்வளவுதான். அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"வேற பாஷ வருது! வேற பாஷ வருது!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். கூட்டம் மொத்தமும் மண்டியிட்டது. மெழுகுவர்த்திகளை உயர்த்திப் பிடித்தார்கள்.

போனில் சிநேகிதியின் முகம் மலர்ந்தது. "போகிறாயா? எங்கே, அந்தக் கூட்டத்துக்குள்ளேயா? போ, போ! இது பியெஸ்தாதானே! உன் ஊரிலும் சினுலோக்கா?" அவள் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். சிவப்புப் புடவைகள், மெழுகுவர்த்திகள், நடுவில் தலைக்கு மேல் குழந்தை எல்லாவற்றையும் பார்த்தார். ஏதோ சொன்னார். சிநேகிதி அதை எனக்கு அரபியில் சொன்னாள்.

"வீட்டுக்குப் போகணும் என்று நீ கேட்ட வேண்டுதல் எவ்வளவு அழகாகப் பலித்திருக்கிறது என்கிறார். இனி நீ எதற்கு இங்கே வர வேண்டும்? என் சித்தி பெண்ணை அந்த வீட்டில் சேர்த்துவிடுகிறேன். அம்மா உனக்காக நன்றி ஆட்டம் ஆடப்போகிறார், பார்!"

இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். அதற்குள் அந்த அம்மா மெழுகுவர்த்தியை உயர்த்தி ஆட ஆரம்பித்துவிட்டார். என் ஷெட்டில் யாரோ வாளியைக் கவிழ்த்துத் தட்டினார்கள். வாளிக்கு அடியில் துண்டு வைக்கவில்லை, இங்கே யாருக்கும் பயப்பட வேண்டியதில்லையே. எல்லாரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டடி முன்னே வைத்தேன்.