வனிலாப் பெட்டியில் ஒரு பனியாறு

பீலெஃபெல்டில் எங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால் வனிலா ஐஸ்கிரீம் பெட்டிகள்தான் அடுக்கடுக்காக இருக்கும். வனிலா மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. ஒன்றில் துருவிய தேங்காய்ப்பூ, ஒன்றில் இறால், ஒன்றில் அரைத்த உழுந்து. எதற்குள் என்ன என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் மூடியைப் பார்த்தல்ல, பெட்டி இருக்கிற இடத்தைப் பார்த்து. ஐஸ்கிரீம் என்று ஆசையாய்த் திறந்து மீன்தலையைக் கண்டு ஏமாறாத தமிழ்ப் பிள்ளை ஜெர்மனியில் இருந்தால் எனக்கு ஒருக்கால் காட்டுங்கள்.

ஃப்ரீசரின் இடப்பக்க அடிமூலை மாமாவுடையது. அம்மாவின் கடைசித் தம்பி. அப்போதுதான் நாட்டைவிட்டு வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகிற ஒரு சின்ன ஊரில், அகதிகளைத் தங்கவைக்கும் ஹைமில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. சாப்பாட்டைப் பொதியாகக் கட்டிக் கொடுப்பார்கள்: அரிசி, பாண், டின்னில் அடைத்த, மாமாவின் வாய்க்கு இறங்காத ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வருவார். திரும்பும்போது அம்மா ஒரு பெட்டி மீன்குழம்பை உறையவைத்துக் கொடுத்துவிடுவார். அடுத்த ஞாயிறுவரை அதுதான் அவருடைய கிழமைச் சாப்பாடு. ஹைமின் பொது ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொரு நாளும் கத்தியால் ஒரு துண்டு கொத்தியெடுத்துச் சூடாக்கிச் சோற்றோடு சாப்பிடுவாராம். "கல்லுடைக்கிற வேலை அத்தான். இதுக்கு மட்டும் ஒருத்தரும் விசா கேக்கேல்லை" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைப்பில் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். எனக்கு லடாக் கிடைத்தது. "உன் ஊர்ப்பக்கம்தானே" என்று ஆசிரியை அன்பாகத்தான் தந்தார். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கட ஊரில ஐஸ் எண்டால் குச்சி ஐஸ்பழம்தான், பிள்ளை."

ஆனால் தலைப்பு எனக்குப் பிடித்துப்போனது. மழைமேகங்கள் எல்லாம் இமயமலையின் தெற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட, மலைக்கு அந்தப் பக்கம் மழை எட்டியும் பார்க்காத ஊர்கள். வெறும் கல்லும் புழுதியும். அப்படியிருந்தும் அங்கே வாற்கோதுமை விளைகிறது, அப்ரிக்கோஸ் காய்க்கிறது. எப்படி? மாரிக் குளிர்காலத்தில் விழுந்த பனி மலையுச்சியில் இறுகிப் பனியாறாகக் கிடக்கிறது. கோடையில், தண்ணீர் எங்கும் இல்லாத நேரம் பார்த்து, கொஞ்சங் கொஞ்சமாக உருகி இறங்குகிறது. அந்த உருகுநீர்தான் ஆறு. அந்த ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால்தான் வயல். இவ்வளவையும் நான் குளிக்கும்போதும் சொன்னேன், சாப்பிடும்போதும் சொன்னேன். அம்மாவுக்கே பாடமாகிவிட்டது.

பேசினால் மட்டும் போதாது, செய்து காட்டவும் வேண்டும் என்று எனக்கொரு வெறி. காரணம் இருந்தது. தாளித மணம் பிடிக்கக்கூடாது என்று ஜாக்கெட்டைப் பால்கனியில் தொங்கவிடுகிற பிள்ளை நான். வகுப்பில் என்னைக் கண்டதும் மூக்கைச் சுருக்குகிற இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். ஒரு பெரிய தட்டில் களிமண்ணால் மலை செய்து, வாய்க்கால் கீறி, அடிவாரத்தில் பஞ்சு பரப்பிச் சின்னக் கீரை விதைத்தேன். அது அழகாய் முளைத்தும் வந்தது. பனியாற்றுக்காக ஒரு வனிலாப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, ஆறு நீலமாக ஓடட்டும் என்று பேனா மையும் கலந்து ஃப்ரீசரின் மேல்தட்டில் வைத்தேன்.

படிப்பு விஷயம் என்றால் அம்மாவுக்குச் சாமிக் காரியம் மாதிரி. என் பெட்டி நன்றாக உறையட்டும் என்று, எனக்கும் சொல்லாமல், அதை எடுத்துக் குளிர் கூடிய அடிமூலையில் வைத்திருக்கிறார். மாமாவின் பெட்டி மேல்தட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிறு மாலை அம்மா பின்னேர வேலைக்குப் போய்விட்டார். ரயிலுக்கு நேரமாகிறது என்று அப்பா அவசர அவசரமாக வழக்கமான மூலையிலிருந்து பெட்டியை எடுத்து மாமாவின் கையில் கொடுத்துவிட்டார். திங்கள் காலை மேல்தட்டில் இருந்த வனிலாப் பெட்டியைக் குளியல் துவாயில் சுற்றிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன்.

நான் நன்றாகத்தான் பேசினேன். சபையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று பழகியிருந்ததால் கையைப் பார்க்கவில்லை. "இதோ பனியாறு" என்று ஜெர்மனில் முழங்கிக்கொண்டே மூடியைக் கழற்றிப் பெட்டியை மலையுச்சியில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன். தொப்பென்று விழுந்தது. முன்வரிசை எழும்பி எட்டிப் பார்த்தது. நான் குனிந்து பார்த்தேன். செக்கச் சிவந்த ஒரு கட்டி. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு மீன்தலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐயோ, அந்தச் சிரிப்பு! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் வினையாகிப் போனது. பரவாயில்லை, இதுவும் உருகத்தானே செய்யும், நீ தொடர்ந்து செய் என்று உற்சாகப்படுத்தி, தலைமயிர் காயவைக்கிற மெஷினையும் கையில் தந்தார். நல்ல மனுசி. நல்ல மனுசர்களிடமிருந்து தப்ப ஏலாது.

குழம்பு உருகியது. எண்ணெய் மினுங்க, புளியும் மிளகாய்த்தூளும் மணக்க, சிவப்பு ஆறு வாய்க்கால் வழியே இறங்கியது. ஒரு கறிவேப்பிலை மிதந்துபோய் வளைவில் தட்டி நின்றது. யாரோ ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார்கள். மூக்கைச் சுருக்குகிற இரண்டு பேரும் ஸ்கார்ஃபால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கீரைக்கும் தண்ணீர் பாய்ந்துவிட்டது, பரிசோதனை வெற்றி. கடைசியில் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: ஒரு வருடம் மேலிருந்து நீர் வராமற்போனால் கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? எனக்குக் காதெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. "அடுத்த வருடம்வரை பொறுத்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு இடத்தில் போய் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓவென்று அழுதேன். மானம் கப்பலேறிவிட்டது, இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றேன். அம்மா என்னைத் தூக்கி மடியில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வாயில் கைவைத்தபடி நின்றார்.

"அப்ப குழம்பு முழுக்க வீணாப் போட்டுதோ?"

எனக்கு வந்த கோபம்! பெற்ற பிள்ளை வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறது, இவருக்குக் குழம்புக் கவலை. அதற்குள் அம்மா மாமாவுக்குப் போன் எடுத்துவிட்டார். "இந்தக் கிழமை முழுக்க என்னடா செய்யப்போறாய்? எங்களுக்கும் வேலை, லீவு எடுத்துக்கொண்டு அங்க வர ஏலாது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பக்கம் மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. "இஞ்ச எல்லாம் இருக்கு அக்கா. பிள்ளையின்ர ஐஸ்மலையை நான் பத்திரமா வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ." என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். குளிர் விடாத நாள். அவரோ வெறும் சேர்ட்டோடு நின்றார். ஜாக்கெட்டைக் கழற்றி வனிலாப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மூடியில் "சாப்பிட வேண்டாம், பள்ளிக்கூடம்" என்று பிழை பிழையான ஜெர்மனில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. ஜாக்கெட்டின் ஒரு கை நனைந்து நீலமாகியிருந்தது.

"மருமகளே, இந்தாங்கோ. பாதிக்கு மேல அப்பிடியே இருக்கு."

"எல்லாம் முடிஞ்சுது மாமா. இனி உது தேவையில்லை" என்றேன் வெடுக்கென்று. அவர் முகம் ஒரு மாதிரிப் போய், உடனே சிரித்தார். நான் பெட்டியை வாங்கிப் பாத்திரம் கழுவுகிற குசினித் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டேன்.

அன்றைக்கு அம்மா பெரிய சட்டியில் மீன்குழம்பு வைத்திருந்தார். மாமா வழக்கமாக இரண்டு வாய்க்கு ஒரு பகிடி விடுவார். அன்று குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சோற்றுக் கோப்பை காலியாக, அம்மா போட, மறுபடியும் காலியாகியது. அவருடைய மணிக்கூடு மணிக்கட்டில் வழுகி முழங்கைப் பக்கம் போய்ப் போய் வந்தது. எனக்கு விளையாட்டாக இருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "பாருங்கோ அப்பா, மாமா இண்டைக்கு எவ்வளவு சாப்பிடுறார்!"

மாமாவின் கை கோப்பையில் அப்படியே நின்றது. அப்பா தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடிக்காமல் வைத்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டியிலிருந்த குழம்பை அகப்பையால் அள்ளி அள்ளி மாமாவின் கோப்பையில் ஊற்றினார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

குழம்பு முடியப்போகிறது என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். அதனால் என் பங்கு மீன் துண்டை மெல்ல என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன்.